லாகின் ஆகிறது, டெஸ்க்டாப் காணோம்: புரொஃபைல், பாலிசி கோளாறுகளை எங்கே தொடங்கிப் பார்ப்பது?

திருப்பூர் பனியன் கம்பெனியோ, கோவை பம்பு ஃபேக்டரியோ, கரூர் டெக்ஸ்டைல் ஆபீஸோ, டிப்ளமோ அல்லது பிசிஏ முடித்த கையோடு சிஸ்டம் அட்மினாகச் சேருகிறவர்களுக்குக் கேபிளும் பிரிண்டரும் சீக்கிரமே பழகிவிடும். கை நடுங்குவது வேறு இடத்தில். ஷிப்மென்ட் நாளன்று பேக்கிங் செக்ஷனிலிருந்து ஓர் அக்கா கூப்பிடுவார்: "ஏந் தம்பி, என்ற டெஸ்க்டாப்புல வெச்சிருந்த பேக்கிங் லிஸ்ட்டெல்லாம் காணமே, யாராச்சும் அழிச்சுப்போட்டாங்களா?" அந்த வேலை முடிவதற்குள் கணக்குப் பிரிவிலிருந்து இன்னொரு குரல்: "நேத்து வரைக்கும் வந்துட்டிருந்த எஸ் டிரைவ் இன்னைக்கு வரலீங்."

முதலாவது பெரும்பாலும் யூசர் புரொஃபைல் கோளாறு, அதாவது ஒருவருடைய ஃபைல்களும் செட்டிங்குகளும் இருக்கும் இடத்தில் வரும் கோளாறு. இரண்டாவது, சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டர் எஸ் டிரைவாகத் தெரியாமல் போவது; அது பெரும்பாலும் குரூப் பாலிசி, அதாவது சர்வரிலிருந்து எல்லா சிஸ்டங்களுக்கும் போகும் விதிகள். ஒரு விண்டோஸ் சர்வரை டொமைன் கன்ட்ரோலராக (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வராக) வைத்து, இருபது முப்பது சிஸ்டங்களை அதில் இணைத்திருக்கும் ஆபீஸை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டளைகளின் பெயரை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புரொஃபைல் கோளாறில் டேட்டா தானாகத் தொலைவது அரிது. சரி செய்கிறேன் என்று அவசரத்தில் எதையாவது அழிக்கும்போதுதான் தொலைகிறது. எது கோளாறு என்று தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

தொல்லை ஆளோடு போகிறதா, சிஸ்டத்தோடு நிற்கிறதா?

எந்தப் புகார் வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். அந்த அக்காவைப் பக்கத்து சிஸ்டத்தில் லாகின் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் அவருடைய சிஸ்டத்தில் வேறொருவரை லாகின் செய்யச் சொல்லுங்கள்.

அவர் எங்கே போனாலும் தொல்லை கூடவே போனால் கோளாறு அவருடைய டொமைன் கணக்கிலோ, அவருக்கான யூசர் பாலிசியிலோ, சர்வரில் இருக்கும் அவருடைய ஃபோல்டரிலோ இருக்கிறது. அந்த சிஸ்டத்தில் யார் உட்கார்ந்தாலும் தொல்லை என்றால் நெட்வொர்க், கடிகாரம், டிஸ்க், கம்ப்யூட்டர் பாலிசி ஆகியவற்றைப் பாருங்கள். அவர், அந்த சிஸ்டம் இரண்டும் சேர்ந்தால் மட்டும் தொல்லை என்றால் அந்த சிஸ்டத்தில் இருக்கும் அவருடைய லோக்கல் புரொஃபைல்தான். எல்லோருக்கும் எல்லா இடத்திலும் என்றால் டெஸ்க்கை விட்டு எழுந்து சர்வர் ரூமுக்குப் போய்விடுங்கள்.

சில நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் நேராக ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் செட்டிங்குகளைப் பதிந்து வைக்கும் இடம்) திறக்கிறவர்கள் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

அடிப்படையில் நான்கு விஷயம்

தேதியும் நேரமும். டொமைன் லாகினுக்குப் பின்னால் இருக்கும் கெர்பரோஸ் முறை, சர்வருக்கும் சிஸ்டத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால் டிக்கெட் (உள்ளே விடும் அனுமதி) தராது. தீபாவளிக்கு ஒரு வாரம் கம்பெனியைப் பூட்டி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தால், மதர்போர்டில் பேட்டரி தீர்ந்த பழைய அசெம்பிள்டு சிஸ்டங்கள் தேதியை மறந்து எழுந்திருக்கும். லீவு முடிந்து முதல் நாள் வரும் "டிரைவ் வரல, லாகின் ஆகல" புகாரில் இதை முதலில் சந்தேகப்படலாம். சில்லறை விலையில் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்தால் முடிந்தது.

டிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. இதில் தடுமாறாத ஆபீஸே இல்லை எனலாம். டொமைனில் இருக்கும் சிஸ்டம் தன் டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ்ஸைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று யாரோ வந்து 8.8.8.8 போட்டுவிட்டுப் போவார்கள். கூகுள் திறக்கும், யூடியூப் ஓடும், டொமைன் மட்டும் தெரியாது. கூகுளின் டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் கம்பெனி டொமைன் இருப்பதே தெரியாதே! இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்திலும் அதைப் போடக் கூடாது. முதல் டிஎன்எஸ் ஒரு முறை பதில் சொல்லத் தவறினால் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவிவிடும், உடனே திரும்பி வராது. அதனால்தான் "சில நேரம் வருது, சில நேரம் வரலீங்" என்கிற புகார். சிஸ்டங்களில் டொமைன் கன்ட்ரோலரின் ஐபி மட்டும் இருக்கட்டும். வெளி டிஎன்எஸ் தேவையென்றால் சர்வரின் டிஎன்எஸ் கன்சோலில் ஃபார்வர்டராக (சர்வர் தனக்குத் தெரியாததைக் கேட்கும் இடமாக) கொடுங்கள். ஐபிகான்ஃபிக் /ஆல் அடித்தால் எந்த டிஎன்எஸ் இருக்கிறது என்று தெரியும். என்எஸ்லுக்கப்புக்குப் பின்னால் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால் சர்வரின் ஐபி பதிலாக வர வேண்டும்.

டிஸ்க். சி டிரைவில் இடமில்லாவிட்டால் புதிய புரொஃபைல் உருவாகாது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் செக்ஷனில் ஒரே சிஸ்டத்தில் பல பேர் லாகின் செய்வார்கள், வேலையை விட்டுப் போனவர்களின் புரொஃபைலும் அப்படியே கிடக்கும். 128 ஜிபி எஸ்எஸ்டி நிறைவதற்கு அதிக காலம் ஆகாது.

நான்காவது, டொமைனோடு உள்ள நம்பிக்கை உறவு. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் டொமைனில் தனி பாஸ்வேர்டு உண்டு. 30 நாளுக்கு ஒரு முறை அதுவாகவே மாற்றிக்கொள்ளும். பழைய இமேஜிலிருந்து (முன்பு எடுத்து வைத்த முழு நகலிலிருந்து) சிஸ்டத்தை ரெஸ்டோர் செய்தால் பழைய பாஸ்வேர்டு திரும்பி வந்து உறவு அறுந்துவிடும். டொமைனிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும் என்பதில்லை. லோக்கல் அட்மினாக லாகின் செய்து, பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை -ரிப்பேர், -கிரெடென்ஷியல் இரண்டையும் சேர்த்து ஓட்டி, கேட்கும்போது டொமைன் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும்.

"லாகின் ஆகிவிட்டதே, அப்படியென்றால் நெட்வொர்க் சரிதானே" என்று நினைத்துவிடாதீர்கள். கேபிளே பிடுங்கிக் கிடந்தாலும், அந்த சிஸ்டத்தில் முன்பு லாகின் செய்தவரை விண்டோஸ் உள்ளே விடும். கடைசிப் பத்துப் பேரின் லாகினை அது நினைவில் வைத்திருப்பதுதான் இயல்பான அமைப்பு.

டெஸ்க்டாப் காணாமல் போன அக்கா

புரொஃபைல் என்பது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவர் பெயரில் இருக்கும் ஃபோல்டர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா எல்லாம் அதற்குள்தான். கூடவே என்டியூசர்.டேட் என்ற மறைந்த ஃபைல் இருக்கும். வால்பேப்பர், கீபோர்டு, பிரிண்டர் தேர்வு போன்ற அவருடைய ரெஜிஸ்ட்ரி பெரும்பாலும் அந்த ஒரு ஃபைலில்தான். லாகின் செய்யும்போது அதை ஏற்ற முடியாவிட்டால் விண்டோஸ் தற்காலிகமாக ஒரு புரொஃபைலைக் கொடுத்து உள்ளே விடும். டெஸ்க்டாப் காலியாக, புது சிஸ்டம் போல இருக்கும்.

பார்த்ததும் கண்டுபிடிக்க இரண்டு அடையாளம். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் டெம்ப் என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 1511 என்ற எண் இருக்கும். 1515 இருந்தால் பழைய புரொஃபைலை விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். நம் ஊரில் இன்னோர் அடையாளமும் உண்டு. தமிழ் கீபோர்டும், அவர் தனக்கு மட்டும் இன்ஸ்டால் செய்துகொண்ட பழைய தமிழ் ஃபான்ட்டும் காணாமல் போய், கடிதங்கள் திடீரென்று ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். "தமிழெல்லாம் கெட்டுப்போச்சு" என்று புகார் வந்தால் ஃபான்ட்டைத் தேடுவதற்கு முன் இது டெம்ப் புரொஃபைலா என்று பாருங்கள்.

டெம்ப் என்று உறுதியானால் அவரிடம் உடனே சொல்ல வேண்டியது: "அக்கா, உங்க ஃபைல் எங்கயும் போகலீங்க. இப்ப இந்த ஸ்கிரீன்ல புதுசா எதையும் சேவ் பண்ணாதீங்க." டெம்ப் புரொஃபைலில் சேமித்தது லாக்-ஆஃப் ஆனதும் அழிந்துவிடும். ஏற்கெனவே சேமித்திருந்தால் முதலில் அதை சர்வர் ஷேருக்கு நகலெடுங்கள். அப்புறம் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆன்டிவைரஸோ வேறு சர்வீஸோ என்டியூசர்.டேட்டைப் பிடித்து வைத்திருந்ததால் வந்த தொல்லை என்றால் இதிலேயே தீர்ந்துவிடும். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் ஈவென்ட் வியூவரில் 1530 இருக்கிறதா என்று பாருங்கள். எந்த புரோகிராம் விடாமல் பிடித்திருந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ரீஸ்டார்ட்டில் தீரவில்லையென்றால்:

1. அக்காவின் டெம்ப் லாகினிலேயே கமாண்ட் பிராம்ப்ட்டில் ஹூஆம்ஐ /யூசர் அடித்து, எஸ்-1-5-21 என்று தொடங்கும் அவருடைய எஸ்ஐடி எண்ணை (அவருடைய கணக்குக்கான அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவரை லாக்-ஆஃப் செய்யுங்கள். ஸ்கிரீனைப் பூட்டுவது போதாது.

2. வேறொரு அட்மின் கணக்கில் லாகின் செய்து, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவருடைய பழைய ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளி டிஸ்க்குக்கோ சர்வருக்கோ நகலெடுங்கள். இதைத் தாண்டிப் போகவே போகாதீர்கள்.

3. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், புரொஃபைல்லிஸ்ட் என்று இறங்குங்கள். புரொஃபைல்லிஸ்ட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. குறித்து வைத்த எஸ்ஐடி அங்கே இரண்டு முறை இருக்கலாம்: ஒன்று வெறுமனே, இன்னொன்று கடைசியில் .பிஏகே என்று. ஒவ்வொன்றிலும் புரொஃபைல்இமேஜ்பாத் எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். பிஏகே உள்ளதுதான் பழைய ஃபோல்டரைக் காட்டும். வெறும் எண்ணுக்கு .ஓல்ட் என்று வால் சேருங்கள், மற்றதிலிருந்து .பிஏகே-யை எடுத்துவிடுங்கள். பிஏகே உள்ளது மட்டுமே இருந்தால் வாலை எடுத்தால் போதும்.

5. அதற்குள் ஸ்டேட், ரெஃப்கவுன்ட் இரண்டும் இருந்தால் பூஜ்ஜியமாக்கி, ரீஸ்டார்ட் செய்து, அக்காவை லாகின் செய்யச் சொல்லுங்கள்.

கரன்ட் திடீரென்று போய், யுபிஎஸ் பேட்டரியும் சரியில்லாத இடங்களில் என்டியூசர்.டேட்டே கெட்டுப்போயிருக்கும். அப்போது மேலே சொன்னதில் பயன் இருக்காது. புதிய புரொஃபைல்தான் வழி. பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி வையுங்கள், புரொஃபைல்லிஸ்ட்டில் அவருடைய எஸ்ஐடி பதிவை நீக்குங்கள், அவர் லாகின் செய்து புதிய புரொஃபைல் உருவானதும் பழையதிலிருந்து ஃபைல்களைக் கொண்டுவாருங்கள். என்டியூசர்.டேட்டைக் கொண்டுவராதீர்கள். ஆப்டேட்டாவை மொத்தமாக அள்ளிப் போடாதீர்கள். கெட்டதும் சேர்ந்து வந்துவிடும். அவுட்லுக்கின் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கிறதா, ஆப்டேட்டாவுக்குள் இருக்கிறதா என்று தேடி எடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் வெறும் நகலில் வராது. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேங்க் பாஸ்வேர்டு போய்விட்டதே என்று ஜிஎஸ்டி கடைசி நாளில் தெரியவருவது அவருக்குப் பெரிய கஷ்டம்.

யாராவது வேலையை விட்டுப் போனால் யூசர்ஸுக்குள் போய் ஃபோல்டரை மட்டும் அழிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் ரெஜிஸ்ட்ரி பதிவு அப்படியே நிற்கும். அதே ஆள் திரும்பி வந்து லாகின் செய்தால் டெம்ப் புரொஃபைலில்தான் போய் விழுவார். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலில் யூசர் புரொஃபைல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கிருந்து நீக்குவதுதான் முறை, இரண்டும் சேர்ந்து போகும்.

புரொஃபைலையே சர்வரில் வைக்கும் ரோமிங் முறை சில பழைய ஆபீஸ்களில் இன்னும் ஓடுகிறது. அங்கே ஒருவர் பெயரில் பல ஃபோல்டர் இருப்பதைப் பார்த்து அழிக்கக் கிளம்பாதீர்கள். விண்டோஸ் 7-க்கு வி2, விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் வி6 என்று ஒவ்வொரு காலத்து விண்டோஸும் தனி வால் போட்டுக்கொள்ளும். ஒன்றின் செட்டிங் மற்றதில் வராது. புதிதாக அமைப்பதென்றால் ரோமிங்கை விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் சர்வருக்குத் திருப்பிவிடும் ஃபோல்டர் ரீடைரக்ஷன் போதும் என்பது என் கருத்து. ஒரு சிஸ்டம் அடியோடு போனாலும் பேக்கிங் லிஸ்ட் பத்திரமாக இருக்கும்.

பாலிசி ஏன் வரவில்லை?

விண்டோஸ் என்டி 4 காலத்தில் இதற்குப் பெயர் சிஸ்டம் பாலிசி. நெட்லாகான் ஷேரில் ஒரே ஒரு ஃபைலை வைத்து எல்லோருக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். அது ரெஜிஸ்ட்ரியில் பச்சை குத்தியது போல் பதிந்துவிடும். ஃபைலை எடுத்தாலும் போகாது. விண்டோஸ் 2000-உடன் வந்த குரூப் பாலிசியில் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஜிபிஓவை (பாலிசி செட்டிங்குகளின் ஒரு தொகுப்பு) எடுத்தால் அதன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட் செட்டிங்குகளும் விலகிவிடும். ஆனால் அதே ஜிபிஓவில் 'ப்ரெஃபரன்ஸஸ்' பகுதியில் போடும் டிரைவ், ஷார்ட்கட் போன்றவை இன்றும் அப்படியே தங்கிவிடும், நீங்காமல் நின்றால் அங்கே பாருங்கள்.

சேரும் வரிசை இது: முதலில் அந்த சிஸ்டத்தின் லோக்கல் பாலிசி, அப்புறம் சைட் (ஆபீஸ் கிளை போன்ற நெட்வொர்க் இடம்), அப்புறம் டொமைன், கடைசியில் ஓயூ (யூசர், கம்ப்யூட்டர் கணக்குகளைப் பிரித்து வைக்கும் டொமைனின் உட்பிரிவு). மோதினால் கடைசியில் வந்தது வெல்லும். மேலே உள்ளதில் 'என்ஃபோர்ஸ்டு' போட்டிருந்தால் மட்டும் அது வெல்லும்.

புதியவர்கள் அதிகம் சிக்குவது எங்கே என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பையர் ஆடிட் வருகிறது, மெர்ச்சண்டைசிங் செக்ஷனில் பென் டிரைவைத் தடுக்கச் சொல்கிறார்கள். 'ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்' செட்டிங் கம்ப்யூட்டர் பகுதியிலும் இருக்கிறது, யூசர் பகுதியிலும் இருக்கிறது. நீங்கள் யூசர் பகுதியில் போட்டு, அந்த செக்ஷனின் கம்ப்யூட்டர்கள் இருக்கும் ஓயூவில் லிங்க் செய்கிறீர்கள். ஒன்றும் நடக்காது. யூசர் செட்டிங், யூசர் கணக்கு இருக்கும் ஓயூவில் லிங்க் ஆனால்தான் வேலை செய்யும். அவர்களுடைய கணக்குகள் வேறு ஓயூவில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பகுதிக்கு மாற்றினால் அந்த சிஸ்டங்களில் யார் உட்கார்ந்தாலும் தடுக்கும்; இந்த வேலைக்கு அதுதான் சரி. பல பேர் மாறி மாறி உட்காரும் பேக்கிங் சிஸ்டத்தில் மட்டும் யூசர் செட்டிங்கும் இடத்தைப் பொறுத்து வர வேண்டுமென்றால், அதற்கு லூப்பேக் என்ற வசதி தனியாக உண்டு.

சரியாக லிங்க் செய்தும் வரவில்லையா? அந்த ஆளின் லாகினிலேயே ஜிபிரிசல்ட் /ஆர் அடியுங்கள். எந்த ஜிபிஓ வந்தது, எது எதனால் நிராகரிக்கப்பட்டது என்று பெயர் சொல்லிக் காட்டும். கம்ப்யூட்டர் பகுதியைப் பார்க்க கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறக்க வேண்டும். பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் லிங்க் தவறு. 'ஃபில்டரிங்: டினைடு (செக்யூரிட்டி)' என்று நிராகரித்திருந்தால் அனுமதி தவறு.

இந்த அனுமதியில் ஒரு நுணுக்கம். ஒரு ஜிபிஓ ஒரு குழுவுக்கு மட்டும் போதும் என்று 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' பெயரை நீக்கிவிடுவோம். 2016 ஜூனில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு யூசர் பாலிசியையும் கம்ப்யூட்டரின் கணக்கில்தான் விண்டோஸ் படிக்கிறது. கம்ப்யூட்டருக்குப் படிக்கும் அனுமதி இல்லையென்றால் பாலிசி யாருக்கும் வராது. டெலிகேஷன் தாவலில் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கு ரீட் அனுமதி மட்டும் கொடுங்கள்.

அனுமதியும் சரி என்றால் காத்திருந்தீர்களா என்று பாருங்கள். பாலிசி 90 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்; எல்லா சிஸ்டமும் ஒரே நேரத்தில் சர்வரைத் தட்டக் கூடாது என்பதால் அதோடு அரை மணி நேரம் வரை கூடும். உடனே வேண்டுமென்றால் ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ். ஆளைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்திருந்தால் அவர் லாக்-ஆஃப் செய்து வந்தால்தான் தெரியும். கம்ப்யூட்டரைச் சேர்த்திருந்தால் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது ரீஸ்டார்ட்டுக்குச் சமமல்ல. விண்டோஸ் 10, 11-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் பாதி உறக்கத்திலிருந்துதான் எழுந்துகொள்ளும். ஃபோல்டர் ரீடைரக்ஷன் போன்றவை இரண்டு முறை லாகின் செய்த பிறகே வருவதும் இயல்பு.

ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 1129 இருந்தால் லாகின் நேரத்தில் டொமைன் கன்ட்ரோலர் எட்டவில்லை. கேபிள், சுவிட்ச், டிஎன்எஸ். 1058 இருந்தால் சர்வரின் சிஸ்வால் ஷேரில் உள்ள பாலிசி ஃபைலைப் படிக்க முடியவில்லை. ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு, டொமைன் பெயர், ஒரு பின்சாய்கோடு, சிஸ்வால் என்று கொடுத்து அந்த ஃபோல்டர் திறக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக வாங்கிய லேப்டாப்பில் பாலிசியே வரவில்லை என்றால் அதில் இருப்பது விண்டோஸ் ஹோமா என்று முதலில் கேளுங்கள். ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்கவே முடியாது, புரோ வேண்டும். வாங்கும் முன்பே பர்ச்சேஸ் அண்ணனிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

எஸ் டிரைவ் எக்ஸ்ப்ளோரரில் இருக்கிறது, டேலியில் மட்டும் தெரியவில்லை என்றால் அது பாலிசி கோளாறல்ல. டேலியை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்திருப்பார்கள். அட்மினாகத் திறந்த புரோகிராமுக்கு சாதாரண லாகினில் மேப் செய்த டிரைவ் தெரியாது. சாதாரணமாகத் திறக்கச் சொல்லுங்கள், வந்துவிடும்.

நீங்களே பாலிசி போடும்போது

டொமைன் மட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் 'டீஃபால்ட் டொமைன் பாலிசி'யில் கை வைக்காதீர்கள். பாஸ்வேர்டு விதிகளோடு அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஜிபிஓ, பெயரிலேயே வேலை தெரியட்டும். சோதனைக்கென்று ஓர் ஓயூ உருவாக்கி, ஒரு பழைய சிஸ்டத்தையும் ஒரு டம்மி யூசரையும் அதில் வையுங்கள். எதையும் முதலில் அங்கே லிங்க் செய்து, ஜிபிரிசல்ட் பார்த்து, ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு செக்ஷனுக்குக் கொண்டுபோங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் புதிய பாலிசி வேண்டாம்.

ஒரு ஜிபிஓவை மாற்றும் முன் குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து பேக்கப் எடுங்கள். தவறிப்போனால் அதே மெனுவில் 'ரெஸ்டோர் ஃபிரம் பேக்கப்' கொடுத்தால் பழைய செட்டிங் திரும்பிவிடும். ஜிபிஓவே அழிந்துபோய் மீட்கிறீர்கள் என்றால், அது எந்தெந்த ஓயூவில் லிங்க் ஆகியிருந்தது என்பது பேக்கப்பிலிருந்து திரும்ப வராது. அதை ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.